துண்டில் சரி, சட்டையில் பிழை: ஒரு பட்டன் ஓட்டைச் சிக்கலின் ஆய்வு

வீட்டுத் தையல் மெஷினில் பட்டன் ஓட்டை சரியாக வரவில்லை என்று சொல்பவர்கள் கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "நேர்த்தையல் நல்லாத்தான் போகுது." மெஷினில் பிழையில்லை என்பதற்கு அதைத்தான் சான்றாக வைக்கிறார்கள். எனக்கு அது சான்றாகப் படவில்லை. நேர்த்தையலில், ஊசிக்குக் கீழே இருந்து துணியைத் தள்ளும் பல் ஒவ்வொரு தடவையும் அதை ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. பட்டன் ஓட்டையின் கரையைத் தைக்கும்போது அதே பல் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான் நகர்த்தவேண்டும். துணி 0.2 மில்லிமீட்டர் வழுக்கினால் நேர்த்தையலில் யாருக்கும் தெரியாது. ஓட்டையின் கரையிலோ அது பாதித் தூரம். தையல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, நூல் குவிந்து, துணி அப்படியே நின்றுவிடும்.

அது மட்டுமல்ல. ஓட்டைக்கு ஊசி இடமும் வலமும் ஆடவேண்டும், பல மெஷின்களில் துணி முன்னும் பின்னும் போகவேண்டும், நூல் நெருக்கமாகப் படியவேண்டும். நேர்த்தையல் கேட்காத கேள்வி எல்லாவற்றையும் இது மெஷினிடம் கேட்கும். இங்கே எழுதப்போகும் சிக்கலிலும் உடைந்த பாகம் என்று ஒன்றுகூட இருக்கவில்லை. சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன.

முறைப்பாடு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடிவீடு. அங்கே இருக்கும் அக்கா பல காலமாக வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர். பிளவுஸும் பள்ளிச் சீருடையும்தான் அவருக்கு வழக்கமான வேலை. தீபாவளிக்கு முன்னால் ஒரு சைவக்கடை ஊழியர்களுக்கு 20 சட்டை தைக்கும் ஓர்டர் கிடைத்தது. மெரூன் நிறம், பொலியெஸ்டர் கலந்த பொப்ளின். சட்டைக்கு 7 ஓட்டை: கொலர் பட்டியில் படுக்கையாக ஒன்று, முன்பட்டியில் நெடுக்காக ஆறு. மொத்தம் 140.

மெஷின், மின்சாரத்தில் ஓடும் சாதாரண வீட்டு மெஷின். டயலைத் திருப்பித் தையலைத் தெரிவுசெய்வது, ஒரே ஓட்டத்தில் ஓட்டை போடுவது, கீழ்நூல் சுற்றிய பொபின் முன்பக்கமாகப் போவது. பட்டனை, துணியை அழுத்திப் பிடிக்கும் நீளமான பாதத்தின் பின்பக்கம் செருகினால் அந்த அளவுக்குத் தானே தைத்துக்கொள்ளும்.

அவர் என்னிடம் சொன்னது இது: "தம்பி, துண்டுத்துணியில போட்டுப் பார்த்தா வடிவா வருது. சட்டையில வைச்சாத்தான் குழப்புது. முதலாவது பரவாயில்லை, ரெண்டாவது பாதியில நிண்டுடும். கொலர்ல போட்டா ஒரே உருண்டை. இது மெஷின்ர பிழையோ, என்ர பிழையோ?"

பழுதான சட்டை ஒன்றையும், நன்றாக வந்தது என்று அவர் சொன்ன துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். மெஷினைத் திறப்பதற்கு முன் தைத்த ஓட்டையைப் பார்ப்பதுதான் என் வழக்கம். மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும்.

துணி சொன்னது

மேலே மெரூன் நூல். பொபினில் வெள்ளை நூல். "கீழதானே, ஆர் பார்க்கப்போயினம்" என்று பள்ளிச் சீருடைக்குச் சுற்றிய பொபினையே விட்டிருந்தார். விற்பதற்கு அது ஆகாது. பிழை கண்டுபிடிக்க அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. எந்த நூல் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மெஷினைச் சரிபார்க்கும்போது மேலும் கீழும் வேறு வேறு நிறம் போட்டே தைத்துப் பார்க்கலாம்.

சட்டையின் மேற்பக்கம் கரை நெடுக வெள்ளைப் பொட்டுகள். கீழ்நூல் மேலே ஏறி வந்திருக்கிறது. மேல்நூல் அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கிறது. பட்டன் ஓட்டைக்கு இது நேர்மாறாக இருக்கவேண்டும். மேல்நூல் கொஞ்சம் தளர்ந்து, அதன் விளிம்பு அடிப்பக்கம் எட்டிப் பார்க்கவேண்டும். அப்போதுதான் மேலே கரை உருண்டு திரண்டு நிற்கும். மேல்நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் டயலைப் பார்த்தால் 7 இல் இருந்தது. நூல் குவிந்த நாளில் அவரே 4 இலிருந்து ஏற்றிவிட்டிருந்தார்.

இந்தப் பழக்கம் பலருக்கும் உண்டு. எது பிழைத்தாலும் கை முதலில் போவது அந்தக் குமிழுக்குத்தான், மெஷினின் முகத்திலேயே இருப்பதால். என்னைக் கேட்டால் அது கடைசியாகத் தொடவேண்டியது. அடிப்பக்கம் நூல் கூடுபோலக் குவிகிறது என்றால் கீழ்நூலில் பிழை என்றும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மேல்நூல்தான் காரணம். பாதத்தைக் கீழே இறக்கி வைத்தபடி நூல் கோர்த்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு இடையே இறங்காது. பிடிப்பில்லாத நூல் முழுவதும் அடியில் போய்ச் சேரும். பாதத்தை உயர்த்தி வைத்து மறுபடி கோர்த்தாலே பலபேருடைய சிக்கல் அதோடு முடிந்துவிடும்.

அக்கா கோர்த்ததில் பிழையில்லை. அவருடைய நூல் வேறு இடத்தில் இடறியது. ஓர்டருக்காகப் புறக்கோட்டையில் பெரிய கோன் நூல் வாங்கியிருந்தார். ஆடைத் தொழிற்சாலைகள் பாவிக்கிற 120 ஆம் இலக்கப் பொலியெஸ்டர். நல்ல நூல், விலையும் குறைவு. கட்டுநாயக்காவில் 1978 இல் வர்த்தக வலயம் தொடங்கிய நாட்டில் தொழிற்சாலை நூலுக்கும் மிச்சத் துணிக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் வீட்டு மெஷினின் படுக்கை ஆணியில் அந்தக் கோன் உட்காராது. அவர் அதை மெஷினுக்குப் பின்னால் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் சாய்த்து வைத்திருந்தார். கோப்பைக்குள் கோன் புரளும்போதெல்லாம் நூல் ஒரு கணம் இறுகி, அடுத்த கணம் தளரும். கரையில் நாலு தையல் இறுக்கம், நாலு தையல் தளர்வு என்று மாறி மாறி வந்தது அதனால்தான். கோன் நூல் நேர் மேலே எழும்பி, உயரத்தில் ஒரு வளையத்துக்குள் புகுந்து, அப்புறம்தான் மெஷினுக்கு வரவேண்டும். கோன் ஸ்டாண்ட் விற்கிறார்கள். அன்றைக்கு உடுப்புக் கொளுவும் கம்பி ஒன்றை வளைத்துச் சுவர் ஆணியில் மாட்டி அதற்குள்ளால் விட்டோம். அதுவே போதுமாக இருந்தது.

ஊசியும் பஞ்சும்

ஊசி 14/90. அந்த 90 என்பது 0.9 மில்லிமீட்டர் தடிப்பு. நெருக்கமாக நெய்த பொப்ளினில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் அவ்வளவு தடித்த ஊசி திரும்பத் திரும்ப இறங்கினால் துணி கிழிந்து நூலாகும். 11/75 போட்டோம். பழைய ஊசியைக் கழற்றித் தட்டையான பக்கத்தைக் கண்ணாடி மேசையில் வைத்துப் பார்த்தோம். ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையிலான வெளிச்சக் கோடு நுனிவரை ஒரே அகலமாக இருக்கவேண்டும். இது நுனிப்பக்கம் விரிந்தது. எப்போதோ குண்டூசியில் அடிபட்டு வளைந்திருக்கிறது. வளைந்த ஊசி நேராக இறங்கும்போது, அடியில் மேல்நூலைப் பிடிக்கும் கொக்கியிடம் எப்படியோ நூலைக் கொடுத்துவிடும். இடமும் வலமும் ஆடும்போது ஒரு பக்கம் தப்பவிடும்.

ஊசி வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வீட்டு மெஷினுக்கு உரியது ஒரு பக்கம் தட்டையான தண்டு. பெட்டியில் 130/705 அல்லது எச்ஏ×1 என்று இருக்கும். தொழிற்சாலை மெஷினுக்கான டிபி×1 ஊசியின் தண்டு முழு உருண்டை. இலக்கம் 11 என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதையும் எடுத்துத் தரலாம். கடலோர வீடுகளில் ஊசிப் பெட்டியைத் திறந்தபடி விட்டால் உப்புக்காற்றில் துருவும் ஏறும். துரு ஏறிய ஊசி நூலை அறுக்கும்.

அப்புறம் ஊசித்தட்டைக் கழற்றினோம். பற்களின் வரிசைகளுக்கு இடையே சிவப்பும் வெள்ளையுமாகப் பஞ்சு, கம்பளித் துண்டு போல இறுகிக் கிடந்தது. பல்லால் முழு உயரத்துக்கு எழும்ப முடியவில்லை. நான் முதலில் சொன்ன 0.2 மில்லிமீட்டர் போனது இங்கேதான். சின்னத் தூரிகையும் குண்டூசியும் போதும். வாயால் ஊதக்கூடாது, ஈரமும் போகும், பஞ்சும் இன்னும் உள்ளே போகும். எண்ணெய் விடச் சொல்லிக் கையேட்டில் காட்டியிருக்கும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு, அதுவும் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்ட மெஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாளடைவில் அது பசையாகி, ஓடவேண்டிய பாகத்தை ஒட்டிப்பிடிக்கும்.

பொபின் கேஸை நூலில் பிடித்துத் தொங்கவிட்டோம். அசையாமல் நின்றது, கையை லேசாகச் சுண்டியதும் கொஞ்சம் இறங்கி மறுபடி நின்றது. கீழ் டென்ஷன் சரி, அதைத் தொடவில்லை. மேல் டயலை 3 க்கு இறக்கினோம். வெள்ளைப் பொட்டுகள் காணாமல் போயின.

இரண்டாவது ஓட்டை ஏன் பாதியில் நின்றது

துண்டில் வடிவாக வந்தது சட்டையில் ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்படியே இருந்தது. எனக்கு இந்த விவகாரத்தில் பிடித்த பகுதி இது. அவர் வழக்கமாகச் செய்வதுபோலவே துண்டிலும் சட்டையிலும் போட்டுக் காட்டச் சொன்னேன். துண்டில் ஓர் ஓட்டை போட்டார், அருமையாக வந்தது. டயலை நேர்த்தையலுக்குத் திருப்பித் துண்டின் ஓரத்தை மடித்துத் தைத்தார். மறுபடி டயலைத் திருப்பி இன்னோர் ஓட்டை, அதுவும் சரி. பிறகு சட்டையை வைத்தார். முதல் ஓட்டை முடிந்தது, துணியை நகர்த்தினார், அடுத்ததைத் தொடங்கினார். மெஷின் ஒரு பக்கக் கரையை விட்டுவிட்டு, ஓட்டையின் முனையை இறுக்கும் முனைக்கட்டில் போய் நின்று அடித்துக்கொண்டே இருந்தது.

டயல் உள்ள ஒரே ஓட்ட மெஷின்கள் பலவற்றில் உள்ளே படிப்படியாகச் சுழலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: ஒரு கரை, முனைக்கட்டு, மறு கரை, முனைக்கட்டு. ஓர் ஓட்டை முடிந்ததும் அது தானாகத் தொடக்கத்துக்குத் திரும்பாது. டயலில் மீளமைக்கும் குறி இருக்கும். அதற்குக் கொண்டுபோய்த் திரும்ப ஓட்டைக் குறிக்குக் கொண்டுவரவேண்டும். துண்டில் தைக்கும்போது நேர்த்தையலுக்குப் போய் வந்ததால் அவரை அறியாமலே டயல் அந்தக் குறியைத் தாண்டி வந்தது. சட்டையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டபோது அந்த வாய்ப்பு இல்லை.

ஓட்டைக் கைப்பிடியிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. ஊசிக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழே இழுக்கும் அந்தக் கைப்பிடி முழுதாக இறங்கி, பாதத்தில் உள்ள தடுப்புக்குச் சரியான பக்கத்தில் நிற்கவேண்டும். பாதி இறங்கியிருந்தால் எங்கே திரும்புவதென்று மெஷினுக்குத் தெரியாது, ஒரே திசையில் போய்க்கொண்டேயிருக்கும். இலத்திரனியல் மெஷின் என்றால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். டயல் மெஷின் வாய்திறந்து சொல்லாது.

கொலர்ப் பக்கம்

துண்டு என்பது ஒற்றைத் துணி, அல்லது இரண்டாக மடித்தது. சட்டையின் முன்பட்டி அதைவிடத் தடிப்பு, மடிப்புகளும் உண்டு. கொலர் பட்டியில் கேன்வஸும் சேரும், கழுத்துத் தையலின் தடித்த வரம்பும் சேரும். சோதனைத் துண்டு என்றால் அதே துணி, அதே அடுக்கு, அதே ஃபியூசிங் (அயர்ன் பண்ணி ஒட்டும் உள்துணி), ஓரத்திலிருந்து அதே தூரம். அப்படிச் செய்யாத சோதனையால் மனத்திருப்திதான் மிச்சம்.

ஒரே ஓட்டத்தில் தைக்கும் பாதம் நீளமானது. பட்டன் செருகும் பகுதி பின்னால் நீண்டிருக்கும். முன்பட்டியின் முதல் ஓட்டையைப் போடும்போது அந்தப் பின்பகுதி கழுத்துத் தையலின் வரம்பில் ஏறி நின்றது. பாதம் சாய்ந்தால் பல்லுக்கும் துணிக்கும் பிடிப்பில்லை. சட்டையைத் திருப்பி, கொலர் தன் பக்கம் வரும்படி வைக்கச் சொன்னேன். பாதத்தின் முன்பகுதி குட்டை என்பதால் வரம்பை எட்டவில்லை. ஆண்கள் சட்டையில் இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஓட்டை வருவது அணிபவரின் இடப்பக்கத்தில். கொலர் நம் பக்கம் இருந்தால் சட்டையின் உடம்பு மெஷினுக்கு வெளியே இடப்புறம் விழும். முன்பு அவர் அவ்வளவு துணியையும் மெஷினின் கைக்குள் திணித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த துணியையும் மேசையில் தாங்கி வைக்கவேண்டும். விளிம்பில் தொங்கினால் அதன் பாரமே துணியைப் பின்னுக்கு இழுக்கும்.

கொலர் பட்டியில் ஓட்டை படுக்கையாக வருவதால் சாய்வு பக்கவாட்டில். பாதத்தின் ஒரு ஓரம் கழுத்து வரம்பின் மேல், மறு ஓரம் தாழ்வில். தாழ்ந்த ஓரத்தின் கீழே அதே துணியில் ஒரு கீற்றை வரம்பின் உயரம் வரும்வரை மடித்து வைத்தோம். பாதம் மட்டமானது. வரம்பையும் தைப்பதற்கு முன் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொள்ளலாம். பழைய தையற்காரர்கள் செய்வதுதான்.

முன்பட்டிக்கு அவர் ஃபியூசிங் வைக்கவே இல்லை. கடைக்காரர் விலை குறைக்கச் சொன்னாராம். வழுவழுப்பான பொலியெஸ்டரில் அது இல்லாமல் நெருக்கமான சிக்ஸாக் போட்டால் இரு கரைக்கும் நடுவே துணி கூம்பி எழும்பும். ஏற்கெனவே முடிந்த சட்டைகளுக்கு அடியில் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துக் கிழித்தெடுத்தோம். மிச்சத்துக்கு ஃபியூசிங். அயர்ன் பண்ணும்போது இழுக்காமல் தூக்கித் தூக்கி அழுத்தி, ஆறும்வரை கை வைக்காமல் விடவேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கரை நெருக்கம், மறு கரை ஐதாக வந்தது. ஒரு கரை முன்னோக்கியும் மறு கரை பின்னோக்கியும் தைக்கும் மெஷின்களில் இது வரும். அதற்கென்று சமன் திருகு ஒன்று வைத்திருப்பார்கள். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தக் கரை நெருங்கும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், கையேட்டில் இருக்கும். கொஞ்சமாகத் திருப்பி, சட்டை அடுக்கிலேயே சோதித்துப் பார்த்து நிறுத்தினோம். பஞ்சு, ஊசி, நூல் மூன்றையும் சரிசெய்வதற்கு முன் இந்தத் திருகைத் தொட்டிருந்தால், சுத்தம் செய்தபின் மறுபடி பிழைத்திருக்கும்.

எல்லாம் செய்தும் ஊசி ஒரு பக்கம் ஆடும்போது மட்டும் தையல் விடுபட்டால் கொக்கியின் நேரமோ ஊசித்தண்டின் உயரமோ மாறியிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை, வீட்டில் திறக்கவேண்டாம்.

வேண்டுமானால் கொடுத்துவிடலாம்

140 ஓட்டை என்றதும் புறக்கோட்டையில் காஜா (பட்டன் ஓட்டை) அடிக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள் என்றேன். தொழிற்சாலை மெஷின் தைத்து, தானே வெட்டியும் விடும், சில விநாடி வேலை. பெரிய ஓர்டருக்கு அதுதான் புத்தி. அக்காவுக்கு மனமில்லை; மெஷினை ஒருக்கால் வெல்லவேண்டும் என்று நின்றார்.

அவர் வீட்டு மூலையில் அம்மாவின் பழைய கறுப்புச் சிங்கர் மெஷினும் இருந்தது. அந்தக் கம்பனி 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டதால் கொழும்பில் பல வீடுகளில் அதைக் காணலாம். நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின். ஆனால் அதற்குப் பட்டன் ஓட்டை இணைப்பு ஒன்று உண்டு. ஊசி ஆடாது, இணைப்பே துணியைப் பிடித்து ஆட்டும். பற்களை ஒரு தகட்டால் மூடிவிடுவதால் பல் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை. ஓட்டையின் நீளம் உள்ளே போடும் அச்சுத் தகட்டைப் பொறுத்தது. வீட்டில் அது கிடந்தால் எறியாதீர்கள். இன்றைய மலிவு மெஷின்கள் பலவற்றைவிட ஒழுங்காகத் தைக்கும்.

அளவும் வெட்டும்

சட்டைப் பட்டன் வழக்கமாக 18 லைன், அதாவது 11.4 மில்லிமீட்டர். ஓட்டைக்கு விட்டத்தோடு பட்டனின் தடிப்பையும் கூட்டவேண்டும். 14 மில்லிமீட்டர் அளவில் வரும். பாதத்தில் பட்டனைச் செருகும்போது மெஷின் இதைத் தானே கணக்கிட்டாலும், குமிழ்போல் உயர்ந்த பட்டனுக்குக் கொஞ்சம் கூட்டியே விடவேண்டும்.

வெட்டும்போது இரண்டு முனைக்கட்டுக்கும் உட்பக்கமாகக் குறுக்கே ஒவ்வொரு குண்டூசி குத்திவிட்டு, தையல் பிரிக்கும் கத்தியை நடுவிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் கொண்டுபோகவேண்டும். குண்டூசி இல்லாமல் ஒரே இழுவையாக இழுத்தால் முனைக்கட்டும் சேர்ந்து போய்விடும், அந்தச் சட்டை அதோடு சரி.

ஃபியூசிங் வைத்த முதல் சட்டையை வெட்டியதும் பிளவுக்குள் வெள்ளை மயிர்கள் எட்டிப் பார்த்தன. வீட்டில் இருந்த வெள்ளை ஃபியூசிங்கையே அக்கா ஒட்டியிருந்தார். மெரூன் துணியில் அது தூரத்திலிருந்தே தெரிந்தது. கடும் நிறத் துணிக்குக் கறுப்பு அல்லது கரும்சாம்பல் ஃபியூசிங் வாங்கவேண்டும். வெட்டிய சட்டைகளின் பிளவுக்குள் அதே நிறத் துணிப் பேனாவை ஓட்டி மறைத்தார். மீதிக்குக் கறுப்பு வாங்கி வந்தார். பொபினிலும் மெரூன் நூலையே சுற்றிக்கொண்டார்.